தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் சொல்லிவிடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். நீங்கள் புக்கிட் மெர்தாஜாம் பெண். கோலாலம்பூரில் கணக்காளர். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் உங்கள் துணையோடு சில ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறீர்கள். அவரும் பெண், ஈப்போவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். உங்கள் அம்மா அப்பாவுக்கு அவர் மகளோடு தங்கியிருக்கும் தோழி, அவ்வளவுதான். இந்தத் தீபாவளிக்கு இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகிறீர்கள். அங்கே ஒரு வரன் தயாராக இருப்பதாக அண்ணி முன்கூட்டியே காதில் போட்டுவிட்டார். எல்லாரும் கூடியிருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஈப்போ போகும்போதும் இதே கேள்வி எழும்.

என் பதில் இதுதான். சொல்லுங்கள். ஆனால் தீபாவளி அன்று வேண்டாம். சொல்வதற்கு முன் சில தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால் அதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

பினாங்கில் குடும்பநல ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றியவள் நான். இந்தப் பேச்சு நடந்து முடிந்த வீடுகளில், அழுது ஓய்ந்த அம்மாக்களோடும் பேச்சையே நிறுத்திவிட்ட அப்பாக்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். கீழே வரும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

தீபாவளி அன்று ஏன் கூடாது? அன்று உங்கள் அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒதுங்க ஒரு மூலை கிடையாது. விடியற்காலையில் எழுந்து ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைப்பார். புதுத்துணிகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமிமேடையின் முன் வைத்து எடுத்துக் கொடுப்பார். இட்லியும் ஆட்டிறைச்சியும் தயாராகும் முன்பே சுங்கை பட்டாணியிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கும். மதியத்துக்குமேல் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், அப்பாவின் பழைய சீன நண்பர்கள், அண்ணனின் அலுவலகத்தார் என்று வாசற்கதவு மூடாது. நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் அழவும் முடியாது, உங்களைத் திட்டவும் முடியாது, படுத்துக்கொள்ளவும் முடியாது. வாங்க வாங்க என்று சிரித்த முகத்தோடு முறுக்குத் தட்டை நீட்ட வேண்டும். ஒரு மனுஷிக்கு அப்படி ஒரு நாளைக் கொடுத்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு தீபாவளியும் அவருக்கு அந்த நாளாகவே நினைவுக்கு வரும். உங்கள் செய்தி தாங்க முடியாத செய்தி அல்ல. அதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு நேரமும் தனிமையும் வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

படையல் நேரமும் வேண்டாம். தாத்தா பாட்டியின் படத்துக்கு முன் இலை போட்டிருக்கும் மாலையில் மனம் இளகியிருப்பது உண்மைதான். அந்த இளக்கத்தை நம்பிப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். "அவர்கள் முன்னாலேயே இதைச் சொல்கிறாயே" என்ற ஒரு வாக்கியத்தில் பேச்சு முறிந்துவிடும். பிறகு அதை ஒட்டவைக்க வெகுகாலம் ஆகும்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். "கல்யாணச் சாப்பாடு எப்போது போடப் போகிறாய்?" என்று அத்தை நாலு பேர் முன்னால் கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது வாய் துருதுருக்கும். கோபத்தில் சொன்ன உண்மையை வீட்டார் உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை. திமிர் என்று வைத்துக்கொள்கிறார்கள். "இப்போதைக்கு இல்லை அத்தை, இருந்தால் உங்களிடம் சொல்லாமலா?" என்று சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுங்கள். வரன் விஷயத்தை மட்டும் ஊருக்குப் போகும் முன்பே தொலைபேசியில் அம்மாவிடம் தெளிவாக மறுத்துவிடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. அவர்களை வரவழைத்துவிட்டு மறுப்பது உங்கள் அப்பாவுக்கு வெளியில் தலைக்குனிவாகும். அதன்பின் நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தத் தலைக்குனிவோடு சேர்த்துத்தான் அவர் கேட்பார்.

அப்படியானால் எப்போது? பெருநாள் முடிந்து விருந்தாளிகள் போய், வீடு பழையபடி ஆன பிறகு, ஒரு சாதாரண வாரக்கடைசியில். கே.எல். சென்ட்ரலிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை காலைப் பசியாறிய பிறகு பேசுங்கள். ஞாயிறு மாலைவரை அங்கேயே இருங்கள். சொல்லிவிட்டு உடனே ரயிலேறினால், ஒரு கல்லை எறிந்துவிட்டு ஓடியது போல ஆகிவிடும். அவர்கள் கேள்வி கேட்க நீங்கள் எதிரில் இருக்க வேண்டும்.

நீங்கள் மட்டும் போங்கள். உங்கள் துணை அன்று அங்கே இருக்கக் கூடாது. இதில் பல ஜோடிகள் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். கைகோத்து நின்று சொல்வதுதான் நேர்மை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் அதிர்ச்சியில் பெற்றோர் வாயிலிருந்து என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அந்த வார்த்தைகளை மகள் கேட்டால் மகள் மறந்துவிடுவாள். பெற்ற உறவு அதைத் தாங்கும். அதே வார்த்தைகளை அந்த இன்னொரு பெண் கேட்டுவிட்டால், பிறகு ஒருநாள் மனம் மாறி அவரை வீட்டுக்கு அழைக்க நினைத்தாலும், தான் சொன்னது நினைவுக்கு வந்து உங்கள் அம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வழி விட்டுவையுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பெற்றோருக்கு முன்பாக ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது. யாரிடம்? பெரும்பாலும் 'நவீனமாகப் பேசுகிறவர்' என்று ஒரு சித்தியையோ மாமா மகளையோ தேர்ந்தெடுக்கிறார்கள். முற்போக்குப் பேச்சு இங்கே பெரிதாக உதவாது. இதற்கு முன் குடும்பத்தில் ஒரு ரகசியத்தைக் கட்டிக்காத்தவர் யார் என்று யோசியுங்கள். யாருடைய கடனையோ யாருடைய கருச்சிதைவையோ வெளியே விடாமல் வைத்திருந்த ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் பழைய காலத்து மனுஷியாக, நெற்றி நிறைய விபூதியோடு இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் அண்ணி உங்களுக்கு நெருக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவரிடம் சொன்னால் அண்ணனிடம் மறைக்கும் பாரத்தையும் சேர்த்து அவர் தலையில் வைக்கிறீர்கள். அண்ணனிடமே நேராகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எப்படிச் சொல்வது? முத்திரை குத்தும் பெயர்கள் வேண்டாம். தன்பாலீர்ப்பு என்ற சொல் நமக்குள் பேச, எழுத நல்ல சொல். அம்மாவுக்கு அன்று காலை அது ஒரு நோயின் பெயர் போலக் கேட்கும். வாழ்க்கையைச் சொல்லுங்கள். "அம்மா, நானும் அவளும் வெறும் தோழிகள் இல்லை. கணவன் மனைவி எப்படிச் சேர்ந்து வாழ்வார்களோ அப்படித்தான் வாழ்கிறோம். கடைசிவரை அப்படித்தான் இருக்கப் போகிறோம். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். நான் நிம்மதியாக இருக்கிறேன், அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்." இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீண்டால் அதை நிரப்ப ஓடாதீர்கள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அப்பாவிடம் சொல்லும் வேலையை அவரிடம் தள்ளுவது நம் வீடுகளில் வழக்கம். அது அநியாயம். கட்டிய கணவனிடம் மறைத்துக்கொண்டு அவர் எத்தனை இரவு விழித்திருப்பார்? உங்கள் அப்பா கை நீட்டாதவர் என்றால் நீங்களே சொல்லுங்கள்.

இனி அவர்கள் கேட்கப்போவது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன.

"என் வளர்ப்பில் என்ன குறை?" என்பது அம்மாவின் முதல் கேள்வி. குறை ஒன்றும் இல்லை, இது வளர்ப்பால் வருவதோ கெடுவதோ அல்ல என்று சொல்லுங்கள். அடுத்து வருவது, டாக்டரிடம் காட்டலாமா, கோயிலில் பரிகாரம் செய்யலாமா, சாமியாடியிடம் கேட்கலாமா. கோபப்படாதீர்கள், கை பிசைந்து நிற்கும் ஒரு தாய்க்குத் தெரிந்த வழிகள் அவை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. ஆனால் ஜெனீவாவில் எடுத்த முடிவைவிட உங்கள் அப்பாவின் காதில் ஏறக்கூடியது ஒன்று உண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். பெற்றோர்களையும் ஆலோசகரிடம் அனுப்பினார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவில், மருத்துவத்தால் இதை மாற்றுகிறேன் என்று செய்யும் எந்த முயற்சியும் கூடாது என்று தடை விதித்தார். ஒரு தமிழ் நீதிபதி, பெரிய பதவியில் இருப்பவர், எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன் என்றார். அப்பாக்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் கவனித்துக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமல் இருப்பது அவமானம் இல்லை என்று யாரோ அனுமதி கொடுத்தது போல.

புராணத்தை மட்டும் இழுக்காதீர்கள். அரியும் அரனும் சேர்ந்து பிறந்த ஐயப்பனே இருக்கிறாரே என்ற வாதம் மேடைக்கு நன்றாக இருக்கும். பூசையறை வாசலில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் அது தன் சாமியைக் கேலி செய்வதாகத்தான் படும்.

"போலீஸ் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், பயத்தைக் கூட்டாமலும் மறைக்காமலும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 'இயற்கைக்கு மாறான உறவு' என்று சொல்லி 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் வைத்திருக்கின்றன. பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்தின் வாரிசு இது. அதற்கு மூலம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். 377ஏ வரையறுக்கும் செயல் ஆண் உறுப்பு சார்ந்தது. இரு பெண்களுக்குப் பொருந்தக்கூடியது 377டி என்ற பிரிவு. தனியிடத்தில் நடந்தாலும் 'மிகையான ஒழுக்கக்கேடான செயல்' என்று கருதப்பட்டால் 2 ஆண்டுவரை சிறை என்கிறது அது. எந்த மதத்தாரையும் அது விடுவதில்லை. அதே வேளையில், நீங்கள் இப்படிப்பட்டவர் என்பதோ, இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் குடியிருப்பதோ அந்தச் சட்டப்படி குற்றம் அல்ல. 2018 செப்டம்பரில் திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்த செய்தி உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். அது ஷரியா நீதிமன்றத் தீர்ப்பு. ஷரியா சட்டம் முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் இருவரில் ஒருவர் முஸ்லிமாக இருந்திருந்தால் இந்தப் பதிலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்தியாவில் அதே மூலச் சட்டத்தின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தளர்த்தியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே படங்களைப் பொதுவெளியில் போடுவதிலும் அக்கம்பக்கத்தில் பேசுவதிலும் அடக்கம் தேவை. பெற்றோர் அதைக் கேட்டுக்கொண்டால் அவர்கள் மேல் தப்பில்லை.

"ஹாட்யாய் எல்லை தாண்டினால் கல்யாணம் செய்துவைக்கிறார்களாமே?" என்று அண்ணன் கேட்கக்கூடும். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும். ஆனால் முஸ்லிம் அல்லாதோருக்கான நம் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இல்லாத திருமணம் செல்லாது என்கிறது. அங்கே வாங்கிய சான்றிதழை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நான் இடம் எடுத்துக்கொள்வேன் என்று சொன்ன விஷயம். எல்லாக் கேள்விகளும் ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில், ஒரு கேள்வி வரும்: "எங்கள் காலத்துக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பார்கள்?" மற்றவை எல்லாம் இந்தக் கேள்வியின் மேல் போர்த்திய துணிகள் என்றே நான் நம்புகிறேன். நம் பெற்றோருக்குத் திருமணம் என்பது முதலில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஒருத்தி நோயில் விழுந்தால் தண்ணீர் கொடுக்கவும், செத்தால் தூக்கிப்போடவும் ஆள் இருக்கிறது என்ற உறுதி. அந்த உறுதியை நீங்கள் பறிக்கிறீர்கள் என்றுதான் அவர்கள் பதறுகிறார்கள். "காதல் இருக்கிறது" என்பது அதற்குப் பதில் அல்ல. அவர்களே எத்தனையோ காதல் முறிந்து போனதைப் பார்த்தவர்கள்.

பதில் தாளில் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் இணைந்து வீடு வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருவர் பெயரும் பத்திரத்தில் இருப்பதால் ஒருவர் போனால் மற்றவருக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. தீபகற்ப மலேசியாவில் கூட்டு உரிமையாளர்களுக்கு அவரவர் பங்கு அவரவருடையது. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பேசும். கணவன் மனைவி, பிள்ளைகள் இல்லாதவரின் சொத்து முழுவதும் பெற்றோருக்கு. ஆக, உங்களுக்கு ஒன்று ஆனால், உங்கள் துணை அந்த வீட்டின் பாதியை, தன்னை யாரென்றே அறியாத உங்கள் அப்பாவோடு பகிர்ந்துகொண்டு நிற்பார்.

எனவே உயில். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதிவைத்தது போய்விடும். உங்கள் துணையைச் சாட்சியாக உட்காரவைத்துவிடாதீர்கள். ஊழியர் சேமநிதியில் நியமனப் படிவத்தை இருவருமே நிரப்புங்கள். முஸ்லிம் அல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம், நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் சேரும். ஆயுள் காப்புறுதியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கணவன் மனைவி, பிள்ளைகள், அவர்கள் இல்லாதபோது பெற்றோர் ஆகியோரை நியமித்தால்தான் பணம் அவர்களுக்குச் சொந்தம். வேறு யாரை நியமித்தாலும் அவர் பணத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. துணையின் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பலருக்கு இது தெரியாது. பாலிசியை முழுமையாக அவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது பற்றி வழக்கறிஞரிடமோ காப்புறுதி முகவரிடமோ கேளுங்கள்.

இதில் பெற்றோரையும் விட்டுவிடாதீர்கள். உயிலில் அவர்களுக்கு ஒரு பங்கு எழுதுங்கள். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் தொடரும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நிபோங் திபால் பக்கம் ஒரு குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கோயில் நிர்வாகத்தில் பல காலம் பொருளாளர். மகள் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது அவள் வாதம் எதுவும் செய்யாமல், உயில் இருந்த ஒரு கோப்பினைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவர் வெகுநேரம் அதைத் தொடவில்லை என்று மனைவி என்னிடம் சொன்னார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கோயில் கணக்கைப் பார்ப்பது போல விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு மகளைக் கீழே கூப்பிட்டார். மாதக்கணக்கில் பேசாதிருந்தவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "இரண்டாவது சாட்சி யார்? நம்பக்கூடிய ஆள்தானா?" அன்று சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் அந்தப் பெண்ணை மகளின் வாழ்க்கையில் ஒரு பொறுப்புள்ள ஆளாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்.

ஊர்ப்பேச்சுக்கு இப்படி ஒரு தாள் கிடையாது. நீங்கள் சொல்லி முடித்த அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பெற்றோரிடமும் ஒரு ரகசியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனி யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது அவர்கள் பாடு. நீங்கள் கோலாலம்பூரில் இருப்பீர்கள். கோயிலில், சந்தையில், மரணவீட்டில் கேள்விகளைச் சந்திக்கப் போகிறவர் உங்கள் அம்மா. ஆகவே அவருக்கு ஒரு பதிலைச் சேர்ந்தே தயாரித்துக் கொடுங்கள். "அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை" என்பது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. ஒரு தாய் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய வாக்கியம். உறவினர் எல்லாரிடமும் பகிரங்கமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். உங்களுக்குத் தயாராக எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கும் அதில் பாதியாவது கொடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் அடிதடி இருந்ததில்லை என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் அந்த வாரக்கடைசிக்கு அடையாள அட்டை, கடப்பிதழ், வங்கி அட்டை எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ்டவுனிலோ இரவு தங்க ஒரு தோழியின் வீட்டைச் சொல்லி வையுங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அடிக்கும் அண்ணனோ பூட்டி வைக்கும் அப்பாவோ இருந்தால், அல்லது படிப்புச் செலவுக்கு வீட்டையே நம்பியிருந்தால், இப்போது சொல்லாதீர்கள். சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் அல்ல. சொந்தச் சம்பளமும் சொந்தச் சாவியும் வந்த பிறகு சொல்லலாம். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமானதல்ல. குடும்பத்தாரால் தாக்கப்படும் எவரும் அதன்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியை 15999 எண்ணில் அழைக்கலாம். மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் போல இருந்தால் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் கேட்க ஆள் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் துணையைக் கூட்டிக்கொண்டு போவதில் தவறில்லை, போங்கள். பாத்திரம் கழுவட்டும், அப்பாவோடு அரசியல் பேசட்டும், அம்மாவின் முறுக்குப் பதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவர்கள் அவரை ஒரு மனுஷியாக முதலில் அறிந்திருந்தால், பிறகு கேட்கும் செய்தியில் ஒரு தெரிந்த முகம் இருக்கும். இதனால் ஒரு வலியும் உண்டு, மறைக்கவில்லை: "தோழி என்று சொல்லி என் வீட்டில் சாப்பிட்டாளே" என்று அம்மா ஒருநாள் சொல்லக்கூடும். அப்போது, பொய் சொன்னது நான், அவள் இல்லை என்று நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இடம் கிடைப்பது எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். "ஏற்றுக்கொண்டோம்" என்று யாரும் வாய்திறந்து சொல்வதை எதிர்பார்க்காதீர்கள். பிறை என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு வீடு எனக்குத் தெரியும். தீபாவளிக்குச் சிறுவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் அங்பாவ் எனும் பண உறை கொடுப்பது அங்கே வழக்கம். நாற்பதை நெருங்கும் மகளுக்கும் ஆண்டுதோறும் அம்மா கையால் ஒரு உறை வரும், அவளோடு வாழும் பெண்ணுக்கு இன்னொன்று. சில ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளிக் காலையில் அந்த அம்மா இருவருக்கும் உறை கொடுக்கவில்லை. வெற்று உறைக் கட்டு ஒன்றை மகளின் கையில் வைத்து, "பிள்ளைகளுக்கு இனி நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொடுங்கள்" என்றார். மணமான மகன்கள் அந்த வீட்டில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஈப்போ விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் துணை; எப்போது, யாரிடம் என்பதை அவர் சொல்லட்டும். ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: இரண்டு வீட்டிலும் ஒரே பருவத்தில் சொல்லாதீர்கள். ஒருவர் அழும்போது மற்றவர் தேற்ற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உடைந்தால் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சோறு வடிக்க ஆள் இருக்காது. தீபாவளிக்குப் பின் உங்கள் வீட்டில் சொன்னால், இந்தக் கிறிஸ்துமஸ் ஈப்போவில் வெறும் கிறிஸ்துமஸாக இருக்கட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த வீட்டில் இதைப் பேசுவதும் படையலன்று பேசுவதும் ஒன்றுதான். அவருடைய அம்மா முதலில் ஓடப்போவது பங்குச் சாமியாரிடம். ஆகவே அந்தச் சாமியார் எப்படிப்பட்டவர் என்று முன்பே விசாரித்து வையுங்கள். திருச்சபை ஒருபால் உறவைப் பாவம் என்றே இன்றும் போதிக்கிறது. அதே திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் இப்படிப்பட்ட ஜோடிக்குச் சாமியார் எளிய ஆசீர் வழங்க அனுமதித்தது. அதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் என்று பெரிதுபடுத்திச் சொல்லிவிட வேண்டாம். அவர் அம்மாவுக்கு உங்களைவிட அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

உயிலையும் சேமநிதிப் படிவத்தையும் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வழக்கறிஞர் அலுவலகங்கள் பெருநாள் வாரத்தில் மூடியிருக்கக்கூடும்.